மணவாளன் அடி

அமேலியா சித்தோலேவின் பாட்டை இனியா முதன்முதலில் கேட்டது வேலூரில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு அங்கே பயிற்சியில் இருந்தாள். மொசாம்பிக் நாட்டிலிருந்து வந்து எஞ்சினியரிங் படிக்கும் ஒரு பெண் காய்ச்சலோடு வந்து கையை நீட்டினாள். ஊசி என்றால் பயம் என்று சொல்லி, காதில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரத்தம் எடுத்து முடிந்தது. பஞ்சை வைத்து அழுத்தியபடியே இனியா அந்தக் கையை விடாமல் நின்றாள். இயர்போனிலிருந்து கசிந்துகொண்டிருந்த தாளம் அவளுக்கு எங்கேயோ தெரிந்ததுபோல இருந்தது.

"யார் பாட்டு இது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாள். இந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் நாட்டில் ஒரு கல்யாணமும் நடக்காது என்றாள். பெயரை இனியாவின் கையுறை மேலேயே பேனாவால் எழுதினாள்.

அமேலியா மபுட்டோ நகரத்தின் ஓரத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவள். அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், பாதிக் கட்டைகள் வேலை செய்யாத பழைய கீபோர்டு ஒன்று அவளுக்குக் கிடைத்தது. கிராமத்துப் பறைகளின் அடியை அதில் போட்டு, அதை இரண்டு மடங்கு வேகமாக்கி, ஆடுவதற்கென்றே பாட்டு செய்தாள். முதலில் வாத்தியக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகள் ஆடினார்கள். இப்போது அந்தப் பக்கத்து நாடுகளில் லேப்டாப்பில் ஆட்டப்பாட்டு செய்யும் எந்த இளைஞனைக் கேட்டாலும் அமேலியாவிடமிருந்துதான் ஆரம்பித்தேன் என்பான். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும், தாளம் வருவதற்கு முன்னால், அது யாருடைய அடி என்று சொல்வாள். இது என் சித்தி ஜோனாவின் அடி. இது ஆற்றங்கரை மத்தேயுவின் அடி. ஒரு பேட்டியில் அதைப் பற்றிக் கேட்டார்கள். "கீபோர்டுக்கு ஊர் கிடையாது, சொந்தபந்தம் கிடையாது. எனக்கு உண்டு. அதனால் சொல்கிறேன்" என்றாள்.

இனியா அந்தப் பேட்டியை விடுதிக் கட்டிலில் படுத்தபடி பலமுறை பார்த்தாள். அந்தத் தாளம் ஏன் தெரிந்ததுபோல இருந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவளுடைய அப்பா மணவாளன் பறை அடிப்பவர். அடித்துக்கொண்டிருந்தவர்.

*

பயிற்சி முடிந்து இனியா ஆரணிக்குத் திரும்பி ஒரு ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். சேவூருக்கு வெளியே, வயல்களை ஒட்டிய காலனியில் வீடு. டவுன் பஸ்ஸில் போய் வருவாள். தவணையில் ஒரு லேப்டாப் வாங்கி, இணையத்தைப் பார்த்துப் பார்த்தே தாளம் கோர்க்கக் கற்றுக்கொண்டாள். பள்ளித் தோழி லாவண்யா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "ஏய், இத எங்கண்ணன்கிட்ட போட்டுக் காட்டுடீ. அவன் இதுக்குன்னே ஒரு ரூம் வெச்சிகினு கிடக்கறான்" என்றாள்.

லாவண்யாவின் அண்ணன் தீனா. நான்கு தலைமுறையாகப் பட்டு வியாபாரம் செய்யும் குடும்பம். கடைக்கு மேலே சரக்கு வைக்கும் அறைகளில் ஒன்றை ஸ்பாஞ்ச் ஒட்டி ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தான். பகலில் கடை, சனி ஞாயிறுகளில் கல்யாண ரிசப்ஷன்களுக்கு டிஜே. அவனிடம் நல்ல மைக்கும் பெரிய ஸ்பீக்கர்களும் இருந்தன, சொந்தமாகச் செய்த பாட்டு ஒன்றுகூட இல்லை. இனியா அமேலியாவைப் போட்டுக் காட்டினாள். மூன்றாவது பாட்டில் அவன் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டான். லாவண்யாவும் சேர்ந்துகொண்டாள். கீழே கடையில் பட்டுப்புடவைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மேலே மூன்று பேரும் வேர்த்து வழிய ஆடினார்கள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. அவர்கள் தங்களுக்கு 'சேவூர் ரோடு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தாளமும் மெட்டும் இனியா செய்வாள். சத்தத்தைச் சீர்செய்வதும் நாலு பேருக்குக் கொண்டுபோவதும் தீனா. அவனை அவள் அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லை என்றால் அவனே ஸ்கூட்டரில் வந்து தெருமுனையில் நின்று ஹாரன் அடித்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவான். தன்னுடைய வாழ்க்கையில் தன் பேச்சை முழுசாகக் கேட்ட ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான் என்று இனியா அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவின் அடியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவளுடைய ஆசை. மணவாளன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காலத்தில் ஊரில் யார் வீட்டுச் சாவு என்றாலும் ஆள் வந்து தெருவில் நின்றபடியே "ஏ மோளம்" என்று கூப்பிடும். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலனி ஆட்கள் எல்லாரும் சேர்ந்து இனிமேல் யார் சாவுக்கும் போவதில்லை என்று முடிவெடுத்த அன்றைக்குப் பறையை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளியவர், அப்புறம் தொடவில்லை. இப்போது ரைஸ் மில்லில் மூட்டை ஏற்றுகிறார்.

"அந்தச் சனியன விட்டொழிச்சேன். நீ படிச்சதே அதுகிட்ட வரக்கூடாதுன்னுதான்" என்று இனியாவிடம் சொல்லிவிட்டார். அவள் அதோடு கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

தீனா விடவில்லை. அவளுக்குச் சொல்லாமலே ரைஸ் மில் வாசலுக்குப் போய், டீக்கடையில் மணவாளனை உட்காரவைத்து, போனில் அமேலியாவின் பேட்டியைக் காட்டினான். "ஐயா, இந்தம்மா ஒவ்வொரு பாட்டுலயும் அடிச்சவங்க பேரச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாங்க. நாங்களும் அப்டித்தான் செய்வோம். உங்க பேரு ஆப்பிரிக்கா வரைக்கும் போவும், பாருங்க."

மணவாளன் சிரித்தாராம். "ஆப்பிரிக்காவா? மொதல்ல இதோ இருக்கற சேத்துப்பட்டு வரைக்கும் போவட்டும் தம்பி."

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பறையோடு கிளம்பினார். தீனாவின் அப்பா வியாபாரமாகப் பெங்களூரு போயிருந்தார். கடையின் பின்பக்கப் படிக்கட்டு வழியாக மேலே போனார்கள். மொட்டைமாடியில் பழைய புடவைப் பெட்டிகளின் அட்டையைக் கொளுத்தி, அந்தத் தீயில் மணவாளன் பறையைக் காய்ச்சினார். லாவண்யா எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். அவளுக்கும் தீனாவுக்கும் டம்ளரில், இனியாவுக்கும் அப்பாவுக்கும் பேப்பர் கப்பில். இனியா அதைப் பார்த்தாள். அன்றைக்கு அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பதிவு அறைக்குள் வந்து அப்பா பறையைத் தோளில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு அடித்த முதல் அடியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. லாவண்யா காலில் கொலுசோடு ஆடியது பதிவில் கேட்கக்கூடாது என்று தீனா அவளை மொட்டைமாடிக்குத் துரத்தினான். அவள் அங்கேயும் ஆடினாள்.

மூன்று வார உழைப்பில் பாட்டு தயாரானது. தாளம் தொடங்குவதற்கு முன்னால் இனியாவின் குரல் வரும்: "இது சேவூர் மணவாளன் அடி."

*

முதன்முதலில் அதை ஒரு ரிசப்ஷனில் போட்டார்கள். மண்டபத்துக்குப் போவதற்கு முன்னால் தீனா தயங்கித் தயங்கிச் சொன்னான். "இனியா, கல்யாணத்துல மட்டும் அந்த முன்னாடி வர்ற பேர எடுத்துடலாமா? சாவுக்கு அடிக்கிற கை இதுன்னு யாருக்குன்னா தெரிஞ்சா அபசகுனம்னு பேஜார் பண்ணுவாங்க. இங்க மட்டும்தான்."

"இங்க மட்டும்னா சரிண்ணா" என்றாள் இனியா.

அவள் ஸ்பீக்கருக்குப் பின்னால் நின்று பார்த்தாள். முதலில் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் நண்பர்கள். பிறகு பட்டுப்புடவையும் கல்வைத்த தோடுமாக அத்தைகள், சித்திகள், கடைக்காரர்கள். அப்பாவைத் தெருவில் நின்று கூப்பிட்டவர்களின் வீட்டு ஆட்களும் அதில் இருந்தார்கள். எல்லாருடைய காலும் அப்பாவின் கைக்குக் கட்டுப்பட்டிருந்தது. தீனா அவளைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்று கண்ணாலேயே கேட்டான். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் தங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த மாதம் அமேலியா இறந்துபோனாள். மபுட்டோவில் தெருவெல்லாம் அடைத்துக்கொண்டு ஜனங்கள் ஆடியபடியே அவளை வழியனுப்பியதை இனியா போனில் பார்த்தாள். கொஞ்ச நாளில் அங்கிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. அமேலியாவின் பாதிப்பில் உலகத்தில் எங்கிருந்தும் யார் இசை செய்திருந்தாலும் அனுப்பலாம், தேர்ந்தெடுத்து ஒரு நினைவுத் தொகுப்பாக வெளியிடுகிறோம் என்று அவளுடைய தங்கை மகளும் நண்பர்களும் எழுதியிருந்தார்கள். இனியா தன் குரலோடு சேர்ந்த முழுப் பாட்டைத் தீனாவின் கம்ப்யூட்டரிலிருந்து, அவனுடைய கணக்கிலிருந்து அனுப்பினாள். சில வாரங்களில் தேர்வாகிவிட்டது என்று பதில் வந்தது. போட்டோவும் சின்ன வீடியோவும் பாட்டைப் பற்றிய குறிப்பும் கேட்டிருந்தார்கள்.

"என் போட்டோ வேணாண்ணா. ஸ்கேன் சென்டர்ல டாக்டருக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஆட்டம் போட்டுகினு இருக்கியான்னு கேப்பாரு" என்றாள் இனியா.

"நீ கவலப்படாத. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான் தீனா.

வீட்டில் மணவாளன் ரைஸ் மில்லில் கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். சைக்கிள் கடைக்காரரிடமும் சொன்னார். "எப்பம்மா வருது?" என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை கேட்டார்.

*

தொகுப்பு வெளியானது ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் சென்டரில் டீ குடிக்கும் நேரத்தில் லாவண்யாவிடமிருந்து இணைப்பு வந்தது. 'வந்துடுச்சுடீ!' என்று எழுதி நாலைந்து பொம்மைகள் போட்டிருந்தாள். இனியா இயர்போனை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள்.

பாட்டு தறிச் சத்தத்தோடு ஆரம்பித்தது. தடக் தடக் என்று ஓடி, அதற்குள்ளிருந்து அப்பாவின் அடி எழுந்து வந்தது. அவளுடைய குரல் இல்லை. தவறான கோப்பு போய்விட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள். வீடியோவைத் திறந்தாள். தீனா கைத்தறிக் குழிக்குள் உட்கார்ந்து, கழுத்தில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவன் தறியில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டில் நெய்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, அவர்களுக்கு நெய்து கொடுப்பவர்கள் கூலி ஆட்கள். கீழே ஆங்கிலத்தில் குறிப்பு இருந்தது: தென்னிந்தியாவின் பட்டு நகரமான ஆரணியில், தலைமுறை தலைமுறையாக நெசவு செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் தீனா. தன் தாத்தாவின் கைத்தறியில் சிறு வயதில் கேட்ட தாளத்தையே அமேலியாவின் வழியில் ஆட்ட இசையாக்கியிருக்கிறார்.

'சேவூர் ரோடு' என்ற பெயரும் இல்லை. தீனா என்று மட்டும் இருந்தது.

இனியா மறுபடி படித்தாள். உள்ளே வந்து, வரிசையில் காத்திருந்த கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தம் எடுத்தாள். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் கிடைக்கவில்லை. "என்னாம்மா, புதுசா நீ?" என்று அந்தப் பெண்ணின் மாமியார் கேட்டார்.

மதியம் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். முகூர்த்த மாதம், கடையில் கூட்டம். வெள்ளை விரிப்பின் மேல் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த தீனா அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தான். பக்கத்துச் சந்தில் இளநீர் வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போனான்.

"கேட்டியா? எப்டி இருக்குது?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"என் கொரல் எங்கண்ணா?"

"அது... அவங்க ஒரு கதை கேட்டாங்க, இனியா. ஆரணின்னா என்னா? பட்டு. வெளிநாட்டுக்காரனுக்கு அது ஒரே நிமிஷத்துல புரியும். அதான் தறிச் சத்தத்த மேல போட்டு புதுசா அனுப்பினேன். உள்ள இருக்கறது நம்ம பாட்டுதான?"

"அது தறி இல்லண்ணா. எங்கப்பா."

"தெரியாதா எனக்கு? ஆனா சாவு மோளம்னு போட்டா நம்ம ஊர்ல எவன் ஷேர் பண்ணுவான், சொல்லு. எங்கப்பா பாத்தா என்னா ஆவும்? எவன்டா நம்ம கடை மேல வந்து பறை அடிச்சான்னு கேப்பாரு. அந்த ரூம இழுத்துப் பூட்டிடுவாரு. அப்புறம் சேவூர் ரோடும் இல்ல, ஒண்ணும் இல்ல. நமக்கோசரம்தான் பண்ணேன்."

"நமக்கா? நம்ம பேரே அதுல இல்லியே."

"நீதான போட்டோ வேணாம்னு சொன்ன?"

"போட்டோ வேணாம்னேன். பேரு வேணாம்னேனா?"

கடைக்குள்ளிருந்து அவன் அப்பா கூப்பிடும் சத்தம் கேட்டது. "இதோ வரேம்பா" என்று குரல் கொடுத்தான். போவதற்கு முன்னால், "ராத்திரி போன் பண்றேன், பொறுமையா பேசலாம்" என்று அவள் தோளைத் தொட வந்தான். அவள் விலகிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். தேவைப்படவில்லை. மணவாளன் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்ச்சாமே. மில்லுல பரசுராமன் புள்ள போன்ல காட்டினான்" என்றார்.

"அப்பா..."

"மூணு தபா கேட்டேன். என் கைதான் அது. எனக்குத் தெரியாதா?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "தறிச் சத்தம் நல்லாத்தான் போட்டுக்கறாரு அந்தத் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் ரைஸ் மில்லுக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே கிளம்பிவிட்டார், சைக்கிள் கடை வழியாகப் போகாமல் வயல் வரப்பைச் சுற்றிக்கொண்டு.

*

இனியா மபுட்டோவுக்கு எழுதினாள். கோபமாக எழுதவில்லை. இந்தத் தாளம் என் அப்பா மணவாளனுடையது, பறை என்ற தோல்கருவியில் அடித்தது, பாட்டைச் செய்தவள் நான், உங்கள் பெரியம்மா செய்ததுபோல நாங்களும் தொடக்கத்தில் பெயர் சொல்லியிருந்தோம், அது வெட்டப்பட்டிருக்கிறது என்று எழுதி, முழுப் பதிவையும் இணைத்தாள்.

அமேலியாவின் தங்கை மகள் மரியாதையாகப் பதில் எழுதினாள். இப்படி நடந்திருந்தால் அது எங்களுக்கு வருத்தம் தருவது, ஆனால் அனுப்பியவரிடமும் கேட்க வேண்டும் என்றாள். கேட்டார்கள். தீனா எழுதிய பதிலையும் ஒளிவுமறைவில்லாமல் அவளுக்கே அனுப்பிவைத்தார்கள். இனியா தனக்குச் சில காலம் பாடி உதவிய பெண் என்றும், பறைச் சத்தம் பொதுவாகக் கிடைக்கும் ஓர் ஒலித்துண்டு என்றும், விளம்பரத்துக்காக இப்போது பிரச்சினை செய்கிறாள் என்றும் அதில் இருந்தது.

இனியா அதைக் கைகழுவும் அறையில் நின்று படித்தாள். கடைச் சந்தில் நின்று பேசியபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. இதைப் படித்தபோது கோபம் வரவில்லை. இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடு உட்கார்ந்திருந்தோம் என்றே தெரியாமல் போனதுபோல இருந்தது. அவன் வாங்கி வந்த மாத்திரைகள்கூட ஞாபகத்துக்கு வந்தன.

லாவண்யாவைக் கூப்பிட்டாள். "நீ அந்த ரூம்ல இருந்தல்ல? டீ போட்டுக் கொடுத்தல்ல? அப்பா அடிக்கும்போது ஆடினல்ல? அத மட்டும் நாலு வரி எழுதுடீ அவங்களுக்கு. அண்ணன ஒண்ணும் சொல்ல வேணாம்."

லாவண்யா அழுவது கேட்டது. "எனக்கு மாப்ள பாத்துகினு இருக்காங்க, இனியா. செய்யாறுல பெரிய இடம். இந்த நேரத்துல எங்க கடை மேல பறை அடிச்சாங்கன்னு நானே எழுதினா..."

"சரி, விடு."

"உனக்குப் புரியும்னு தெரியும்டீ."

"புரியுது" என்று சொல்லிவிட்டு இனியா போனை வைத்தாள். பத்து வருஷத் தோழமை. பள்ளிக்கூடத்தில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

மபுட்டோக்காரர்கள் கடைசியாக ஒன்று சொன்னார்கள். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே விதமாக எழுதிக் கொடுத்தால் திருத்துகிறோம். இல்லையென்றால் இந்தப் பாட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டியிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தீனா வீட்டுக்கு வந்தான். இரண்டு வருஷத்தில் தெருமுனையைத் தாண்டி அவன் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டரில் தொங்கிய, கடையின் பெயர் போட்ட பையையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். இனியாவின் அம்மா கன்னியம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் சொம்பைக் கையில் வாங்கிக் கீழே வைத்தான்.

"அன்னிக்கி எழுதினது தப்புதான். பயத்துல எழுதிட்டேன்" என்றான். "எல்லாத்தையும் சரி பண்ணிடலாம், இனியா. சேவூர் ரோடுன்னு போடலாம். ரெண்டு பேர் பேரும் போடலாம், உன் பேரு முன்னாடி. தாளம் 'கிராமியத் தாளம்'னு போட்டுடலாம். அப்பா பேரும் பறையும் மட்டும் வேணாம். லாவண்யா விஷயம் உனக்கே தெரியும். அது முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

இனியா வாயைத் திறப்பதற்குள் மணவாளன் உள்ளேயிருந்து வந்தார். அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார் போலிருக்கிறது.

"தம்பி, டீக்கடைல என்னாண்ட நீங்க என்னா சொன்னீங்க?"

தீனா எழுந்து நின்றான். "ஐயா, அது வந்து..."

"என் பேரு போவும்னு சொன்னீங்க. நானா கேட்டேன்? வாயத் தொறந்து கேட்டனா? நான் பாட்டுக்கு மூட்ட தூக்கிகினு இருந்தேன். அதக் கெடாசிட்டு எத்தினியோ வருஷம் ஆச்சு. நீங்களா வந்து ஆச காட்டினீங்க." அவர் குரல் உயரவில்லை. "பேர் இல்லாம அடிச்சிப் பழக்கம்தான் எனக்கு. அத திரும்பவும் செய்யவெக்கிறதுக்கா படிக்கட்டு ஏத்துனீங்க?"

தீனா இனியாவைப் பார்த்தான். முன்பெல்லாம் அப்படிப் பார்த்தால் அவள் பேச்சைச் சமாளித்து அவனைக் காப்பாற்றியிருப்பாள்.

"எடுத்துடச் சொல்லி எழுதப் போறேன், தீனா" என்றாள். அண்ணா என்ற சொல் அவள் வாயில் வரவில்லை.

"எடுத்துடவா? ரெண்டு வருஷ வேல அது! அந்தம்மா தொகுப்புல ஆரணி பேரு வந்துக்குது. உனக்கும் இல்ல, எனக்கும் இல்லன்னு ஆக்கப்போறியா?"

"ஆமா."

"பொறாமைல பண்ற நீ."

"நீயும் நானும் எழுதிக்கொடுக்கற பொய்யோட அது அங்க இருக்க வேணாம். அந்தம்மா பேர்ல வர்றதுல இருக்கவே வேணாம்."

அவன் கிளம்பினான். பை நாற்காலியிலேயே இருந்தது. கன்னியம்மா அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பையிலிருந்து மெரூன் நிறப் பட்டு ஒன்று எட்டிப் பார்த்தது. "இந்தாப்பா, மறந்துட்டுப் போற" என்று ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டு வந்தார். சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் அதைச் செடிக்கு ஊற்றினார்.

*

பாட்டைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அமேலியாவின் தங்கை மகள் வருத்தம் தெரிவித்து எழுதினாள், எப்போதாவது தனியாக ஏதாவது செய்தால் அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள். இனியா நன்றி என்று எழுதினாள். அதற்குப் பிறகு லேப்டாப்பைத் திறக்கவில்லை. அமேலியாவின் பாட்டைக் கேட்க உட்கார்ந்தாலும் ஸ்பாஞ்ச் ஒட்டிய அறையும் அதில் மூன்று பேர் ஆடியதும்தான் முன்னால் வந்து நின்றன. பாதியில் நிறுத்திவிடுவாள். அவளுக்கென்று இருந்த ஒன்றையும் அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று தோன்றும்.

தீனா தறிச் சத்தம் வைத்த பாட்டைத் தன் சொந்தச் சேனலில் போட்டான். அது பரவியது. போளூர், செய்யாறு, சேத்துப்பட்டு என்று சுற்றுவட்டாரத்து டிஜேக்கள் எல்லாரும் போட ஆரம்பித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குத் தீனா என்ற பெயரும் தெரியாது. 'ஆரணித் தறி அடி' என்று கேட்டு வாங்கினார்கள்.

தை மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் டவுன் பஸ் நகரவில்லை. முன்னால் பெண் அழைப்பு ஊர்வலம். ஸ்பீக்கர் கட்டிய வண்டியிலிருந்து அந்தப் பாட்டு வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் டிக்கெட் பையின் மேல் விரலால் தட்டினார். இனியா கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி நடந்தாள். வேறு வழி இல்லை, ஆடுகிறவர்களுக்கு நடுவில்தான் போக வேண்டியிருந்தது. பச்சைப் பட்டுக் கட்டிய ஓர் அம்மாள் வேர்த்த முகத்தோடு அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"வாம்மா, ஆடு! எங்க ஓடற?"

"வேலைக்குப் போய்ட்டு வரேங்க. டயர்டா இருக்குது" என்று கையை விடுவித்துக்கொண்டாள். அந்த அம்மாள் உடனே அவளை மறந்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பினார். அவருடைய கால்கள் அடியை ஒரு இடத்திலும் தவறவிடவில்லை.

வீட்டில் மணவாளன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இனியா செருப்பைக் கழற்றியபடி சொல்வதா வேண்டாமா என்று யோசித்தாள்.

"வழியில பெண் அழைப்புப்பா. அதான் லேட்டு. அந்தப் பாட்டுதான் போட்டுகினு இருந்தாங்க."

மணவாளன் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "ஆடினாங்களா?"

"ஆடினாங்க."

"எல்லாரும்?"

"கெழவிங்க வரைக்கும்."

அவர் தலையை ஆட்டினார். சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு, "கன்னியம்மா, இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து" என்றார்.

இனியா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தனக்கும் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். ஊர்வலம் சேவூர் ரோட்டில் திரும்பியிருக்க வேண்டும். வயலைத் தாண்டி அந்தச் சத்தம் அவர்கள் வீடு வரைக்கும் வந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதைக் கேட்டபடி சாப்பிட்டார்கள்.